குடும்பத்தோடு டான்யூப் கரையில் எட்டு நாள் சைக்கிள் பயணம்: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

மே மாதம் நாங்கள் ஐந்து பேர் ஜெர்மனியின் பாஸாவ் ஊரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை சைக்கிளில் போய் வந்தோம். நான், கணவர், 14 வயது மகன், 9 வயது மகள், 63 வயது அத்தை (என் மாமியார்). வழிகாட்டியோடு போகும் குழு ஒன்றில் சேர்ந்துகொண்டோம். கோயம்புத்தூர் திரும்பிய நாளிலிருந்து லிஃப்டிலும் கல்யாணப் பந்தியிலும் மகளின் பள்ளி வாசலிலும் ஒரே மாதிரி சந்தேகங்களைக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

பைக் டூர்னா புல்லட்லயா போனீங்க?

இல்லை, மிதிக்கிற சைக்கிள். நமக்கு பைக் என்றால் மோட்டார் பைக். ஐரோப்பாவில் அந்தச் சொல்லைக் கேட்டதும் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். அதனால் கம்பெனிகளின் விளம்பரத்தில் ‘பைக் டூர்’ என்றுதான் இருக்கும்.

நாங்கள் போனது டான்யூப் ஆற்றின் கரையோடு போகும் சைக்கிள் பாதை. பிரான்சின் அட்லாண்டிக் கடற்கரையில் தொடங்கி ருமேனியாவின் கருங்கடல் கரை வரை நீளும் ‘யூரோவெலோ 6’ என்ற தடத்தில் இது ஒரு துண்டு. பாஸாவ் முதல் வியன்னா வரை ஏறக்குறைய 320 கி.மீ. இந்தத் தடத்திலேயே குடும்பங்கள் அதிகம் போகும் பகுதி இதுதான்.

320 கிலோமீட்டரா? சாமி, எங்களால முடியுமா?

முடியும். ஆற்றோட்டத்தின் திசையிலேயே போகிறோம். பாஸாவ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வியன்னா அதைவிடத் தாழ்வு. மொத்த வழியிலும் பெரிய ஏற்றம் கிடையாது. காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிப்பதால் முதுகைத் தள்ளிவிடும். ஒரு காலத்தில் குதிரைகளைக் கட்டிப் படகுகளை ஆற்றுக்கு எதிர்த்திசையில் இழுத்தார்கள். அந்தக் குதிரைகள் நடந்த கரைப்பாதைதான் பல இடங்களில் இன்றைக்குத் தார் போட்ட சைக்கிள் பாதை. குதிரை நடந்த பாதை என்பதால் சமதளம்.

அப்புறம், முழு 320-ஐயும் மிதித்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. குடும்பக் குழுக்களில் நடுவில் ரயிலையும் படகையும் சேர்த்துக்கொள்வார்கள். நாங்கள் மிதித்தது மொத்தம் 240 கி.மீ. அளவுதான். ஒரு நாளைக்கு 35 முதல் 50 கி.மீ. காலை ஒன்பதரைக்குக் கிளம்பி, வழியில் நின்று, சாப்பிட்டு, ஆற்றில் கல் எறிந்து விளையாடி, நாலு மணிக்கு ஊர் சேர்வதற்கு அது சரியாக இருந்தது.

எந்தெந்த ஊர் வழியா போறது? ஒரு நாள் எப்படி இருக்கும்?

முதல் நாள் பாஸாவில் சைக்கிளை உயரத்துக்குச் சரிசெய்து கொடுப்பார்கள். டான்யூப், இன், இல்ட்ஸ் என மூன்று ஆறுகள் கூடும் ஊர் அது. மூன்றும் மூன்று நிறமாக வந்து கலப்பதைக் கரையில் நின்று பார்க்கலாம். அங்கிருந்து ஷ்லோகன். அந்த இடத்தில் கருங்கல் பாறை வழிமறித்ததால் டான்யூப் வந்த திசைக்கே திரும்பி வளைந்து ஓடுகிறது. அரை மணி நேரம் காட்டுக்குள் நடந்து ஏறினால் மேலிருந்து முழு வளைவும் தெரியும். அப்புறம் லின்ஸ், கிரைன், மெல்க், கிரெம்ஸ், டுல்ன், வியன்னா.

மெல்க் முதல் கிரெம்ஸ் வரையுள்ள 36 கி.மீ. பள்ளத்தாக்குக்கு வாஹாவ் என்று பெயர். 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கல் கட்டிய படிப்படியான திராட்சைத் தோட்டம், நடுவில் ஆப்ரிகாட் பழ மரங்கள். சிங்கமனம் கொண்ட ரிச்சர்டு என்ற இங்கிலாந்து அரசனை 1192-இல் பிடித்து அடைத்துவைத்த டூர்ன்ஸ்டைன் கோட்டையின் இடிபாடு குன்றின் மேல் நிற்கிறது. எனக்கு இந்த ஒரு நாள் மட்டும் கிடைத்திருந்தாலே போதும் என்று தோன்றியது.

ஸ்பிட்ஸ் என்ற சிற்றூரில் ஆற்றைக் கடக்க ஒரு படகு இருக்கிறது. அதில் எஞ்சின் இல்லை. கரைக்குக் கரை இழுத்துக் கட்டிய இரும்பு வடத்தில் படகு மாட்டியிருக்கும். படகோட்டி சுக்கானைக் கொஞ்சம் திருப்புவார், ஆற்றின் வேகமே படகை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். சைக்கிளைப் பிடித்தபடி நின்றோம். தண்ணீர் பலகையில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. மகள் “இன்னொரு தடவை” என்று கேட்டாள். வழிகாட்டி சிரித்துக்கொண்டே எங்களை மறுபடியும் இக்கரைக்கும் அக்கரைக்குமாகக் கூட்டிப்போனார்.

வழிகாட்டி எதுக்கு? மேப்பைப் பாத்து நாமளே போயிட மாட்டோமா?

போகலாம். வழியெங்கும் பலகை இருக்கிறது. ஓட்டல் பதிவு, பெட்டி மாற்றுவது, வாடகை சைக்கிள் இவற்றை மட்டும் ஏற்பாடு செய்து தரும் கம்பெனிகளும் உண்டு, செலவும் குறையும். சைக்கிளில் பழகிய இரண்டு பெரியவர்கள் மட்டும் என்றால் வழிகாட்டி வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

குடும்பத்தோடு போகும்போது கதை வேறு. எங்கள் குழுவில் 16 பேர், இரண்டு வழிகாட்டிகள். ஒருவர் முன்னால், ஒருவர் கடைசி ஆளுக்கும் பின்னால். வேன் ஒன்று பெட்டிகளோடு அடுத்த ஊருக்குப் போய்விடும், கூப்பிட்டால் வழிக்கும் வரும். இதனால் அப்பா அம்மா இருவரும் ‘எந்தத் திருப்பம், எங்கே சாப்பாடு, பஞ்சர் ஆனால் என்ன’ என்று யோசிப்பதை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டு போகலாம். வீட்டுக் காரில் போனால் ஒருவர் ஓட்டுவார், ஒருவர் வழி சொல்வார், பின்சீட்டில் தூங்குவார்கள். இங்கே ஐந்து பேரும் ஒரே காற்றில், ஒரே வேகத்தில் போனோம். நான் கொடுத்த கூடுதல் காசு அதற்குத்தான்.

குழந்தைக்கு எத்தனை வயசு ஆகணும்?

எல்லா வயதுக்கும் வழி இருக்கிறது. சின்னக் குழந்தைக்குப் பின்னால் இழுத்துப் போகும் மூடுவண்டி வாடகைக்குக் கிடைக்கும். ஐந்து முதல் எட்டு வயதுக்குப் பெரியவர் சைக்கிளின் பின்னால் மாட்டும் ஒற்றைச் சக்கர இணைப்பு உண்டு. பிள்ளையும் மிதிக்கும், களைத்தால் சும்மா உட்கார்ந்து வரும். தனி சைக்கிளில் நாள் முழுக்க வர எட்டு, ஒன்பது வயதாவது ஆகட்டும். ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி வயது வரம்பு வைத்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரியாவில் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். மூடுவண்டியில் உட்கார்ந்து வரும் குழந்தைக்கும் அது பொருந்தும். பெரியவர்களுக்குக் கட்டாயம் இல்லை என்றாலும் நாங்கள் ஐந்து பேருமே போட்டுக்கொண்டோம். மகளின் ஹெல்மெட்டை மட்டும் இங்கேயே வாங்கி ஒரு மாதம் போட்டுப் பழக்கினோம். புது ஹெல்மெட்டை முதல் நாளே எட்டு மணி நேரம் போட்டால் நெற்றியில் அழுத்தும், பிள்ளை கழற்றி எறியும்.

மாமியாரையுமா கூட்டிட்டுப் போனீங்க? அவங்க எப்படி ஓட்டினாங்க?

அத்தை தாராபுரம் பக்கம் கிராமத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். இருபது வருடம் புடவையோடு லேடீஸ் சைக்கிளில் பள்ளிக்குப் போனார். பழக்கம் உடம்பில் இருந்தது, முழங்காலில்தான் பலம் குறைவு. அவருக்கு இ-பைக் எடுத்தோம். மிதித்தால்தான் மோட்டார் உதவும், 25 கி.மீ. வேகம் தாண்டினால் உதவி நின்றுவிடும். ஸ்கூட்டர் மாதிரி சும்மா உட்கார்ந்து போக முடியாது.

இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். காலைத் தூக்கிப் போடாமல் உள்ளே நுழைத்து ஏறும் தாழ்வான பிரேமைக் கேளுங்கள். இ-பைக் கனமானது, நின்ற இடத்தில் சாய்ந்தால் பிடிப்பது கஷ்டம். அதனால் நிறுத்தும்போது இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டை இறக்கி வையுங்கள். மூன்றாம் நாள் காற்று எதிராக அடித்தபோது குழுவில் யாரும் பேசவில்லை. அத்தை மட்டும் முன்னால் போய், மகளைத் தன் பின்சக்கரத்துக்கு ஒட்டி வரச்சொல்லிக் காற்றை மறைத்துக்கொண்டு போனார்.

சைக்கிள் தொட்டுப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. என்ன பயிற்சி எடுக்கணும்?

எட்டு வாரம் போதும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே பேரூர் தாண்டி சிறுவாணி ரோட்டில் போவோம். முதல் வாரம் பத்து கி.மீ., ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூட்டி, கடைசியில் ஆலாந்துறை வரை போய் வந்தோம்.

ஆனால் ஒரே நாளில் 40 கி.மீ. ஓட்டிவிட்டால் பயிற்சி முடிந்தது என்று நினைக்காதீர்கள். மறுநாள் காலை அதே சீட்டில் மறுபடி உட்கார முடிகிறதா என்பதுதான் பரீட்சை. அதனால் கடைசி மூன்று வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்த்து ஓட்டுங்கள். கால் வலி ஒரு நாளில் போய்விடும். உட்காரும் இடத்து வலிதான் பயணத்தைக் கெடுக்கும்.

நம்ம சைக்கிளையே எடுத்துட்டுப் போகணுமா?

வேண்டாம். உங்கள் எல்லோருடைய உயரத்தையும் சென்டிமீட்டரில் முன்பே கேட்டு வாங்கி, அதற்கேற்ற சைக்கிளைத் தயாராக வைத்திருப்பார்கள். பிள்ளையின் உயரத்தைக் கிளம்பும் மாதத்தில் அளந்து அனுப்புங்கள். பதிவு செய்தபோது அளந்தது ஆறு மாதத்தில் மாறிவிடும்.

அங்கே தரும் சைக்கிளில் நமக்குப் பழக்கமில்லாத ஒன்று உண்டு. பல வாடகை சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும். நாம் சிக்னலில் நின்றதும் பெடலைச் சும்மா பின்னால் சுற்றி வசதியான உயரத்துக்குக் கொண்டுவருவோம் அல்லவா, அங்கே அது நடக்காது. ஓடும்போது அப்படிச் செய்தால் பின்சக்கரம் இறுகிவிடும். மகள் பாஸாவ் ஓட்டல் முற்றத்திலேயே இரண்டு முறை தடுமாறினாள். வழிகாட்டி சாக்கட்டியால் தரையில் ஒரு கோடு போட்டு, “இந்தக் கோட்டில் நிறுத்து, ஒரு பெடல் மேலே இருக்கும்படி நிறுத்து” என்று பத்து முறை செய்யவைத்தார். பதினோராவது முறை அவளுக்கு அது கைவந்துவிட்டது. வேண்டாம் என்றால் முன்பே எழுதிச் சொல்லி, சும்மா சுற்றும் பெடல் உள்ள சைக்கிளைக் கேட்கலாம்.

கைப்பிரேக்கும் மாறியிருக்கும். நம் ஊரில் பெரும்பாலும் வலது கை முன்சக்கரம், அங்கே வலது கை பின்சக்கரம். சாலையிலும் வலது பக்கமாகப் போக வேண்டும். முதல் ஒரு மணி நேரம் இவை மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் அப்புறம் கை, கால் தானாகப் பழகிவிடும்.

சுடிதார் போட்டு ஓட்டலாமா? என்ன துணி எடுத்துட்டுப் போறது?

ஓட்டலாம், துப்பட்டா மட்டும் வேண்டவே வேண்டாம். சக்கரத்தில் சுற்றினால் கழுத்தை இழுத்துவிடும். அகலக் கால் பேண்டும் செயினில் மாட்டும். லெக்கிங்ஸ், இடுப்புக்குக் கீழ் வரை வரும் குர்தி, இதுதான் எனக்கும் அத்தைக்கும் வசதியாக இருந்தது. உள்ளே பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், மேலே சொன்ன உட்காரும் வலிக்கு அதுதான் மருந்து. அதற்குள் வேறு உள்ளாடை போடக்கூடாது, தையல் உரசிப் புண்ணாகும். ஆளுக்கு இரண்டு வாங்கினால் இரவு ஒன்றைத் துவைத்துக் காயவைத்து மாற்றிக்கொள்ளலாம்.

மெல்லிய மழைக்கோட்டு, ஒரு ஸ்வெட்டர், விரல் மூடாத கையுறை. பெட்டி வேனில் போய்விடுவதால் இந்த மூன்றையும் சைக்கிளில் மாட்டும் பையிலேயே வையுங்கள்.

பீரியட்ஸ் வந்துட்டா?

எனக்கு ஐந்தாம் நாள் வந்தது. வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் அன்றைக்கு நிற்கும் இடங்களை எல்லாம் கழிப்பறை உள்ள இடமாக மாற்றிக்கொண்டார், மற்றவர்களிடம் காரணம் சொல்லவில்லை. மதியம் வரை ஓட்டிவிட்டு வேனில் ஏறிக்கொண்டேன். தேவையானதை இங்கிருந்தே எடுத்துப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் மூடியிருக்கும்.

ஆரம்பிக்கிறது ஜெர்மனி, முடியறது ஆஸ்திரியா. விசா எதுக்கு போடணும்?

இரண்டும் ஷெங்கன் நாடுகள், ஒரே விசா போதும். அதிக இரவுகள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பயணத்தில் பாஸாவில் ஒரு இரவுதான், மீதி எல்லாம் ஆஸ்திரியா. எனவே ஆஸ்திரியா. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக்கூடாது. கோடை விடுமுறைக்குக் கூட்டம் அதிகம், சீக்கிரம் நேரம் வாங்கிவிடுங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழ் இலவசம். மகன் 14 என்பதால் முழுக் கட்டணம், ஆக ஐந்து பேருக்கு 405 யூரோ, அதற்கு மேல் விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கைரேகை வேண்டாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்து வேனில் அனுப்பிவிடாதீர்கள். வியன்னாவில் இறங்கி ரயிலில் பாஸாவ் போனால், எல்லையில் ஜெர்மன் போலீஸ் ஏறிப் பார்க்கக்கூடும்.

மொத்தம் எவ்வளவு ஆச்சு?

ஏழு இரவு, வழிகாட்டியோடு என்றால் பெரியவர் ஒருவருக்கு ஆயிரம் யூரோவைத் தாண்டும். விமானம், விசா தனி. பெற்றோர் அறையிலேயே படுக்கும் பிள்ளைகளுக்குத் தள்ளுபடி உண்டு. அதனால் நான்கு பேர் அறை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சைக்கிள் வாடகை சில கம்பெனிகளில் கட்டணத்துக்குள் இருக்கும், சிலவற்றில் தனி. இ-பைக் பெரும்பாலும் கூடுதல். மதியச் சாப்பாடு, படகுக் கட்டணம், நுழைவுச் சீட்டு, கடைசி நாள் வழிகாட்டிகளுக்குக் கொடுக்கும் அன்பளிப்பு, இவற்றுக்குத் தனியாக எடுத்து வையுங்கள்.

சொந்தமாக ஏற்பாடு செய்தால் குறையும் என்று முன்பே சொன்னேன். பணம் இழுபறியாக இருந்தால் நாட்களைக் குறைத்து மெல்க் முதல் வியன்னா வரை மட்டும் போங்கள், வழிகாட்டியைக் குறைக்காதீர்கள். முதல் முறை போகும் குடும்பத்துக்கு என் யோசனை அது.

நாங்க சுத்த சைவம். பட்டினியா கிடக்கணுமா?

கிடக்க வேண்டாம், ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். சீஸ் போட்ட ‘கேஸ்ஷ்பெட்ஸ்லே’ என்ற மாவுருண்டை எல்லா இடத்திலும் கிடைக்கும், அதில் முட்டை உண்டு. காளான் குழம்போடு ரொட்டி உருண்டை தருவார்கள், பெரும்பாலும் அதிலும் முட்டை. மோசம் போகும் இடம் இரண்டு. பார்த்தால் சைவம் மாதிரி இருக்கும் வியன்னா உருளைக்கிழங்கு சாலடில் மாட்டிறைச்சி வேகவைத்த சாற்றை ஊற்றுவார்கள். தெளிவான சூப்பும் பெரும்பாலும் அதே சாறுதான். ‘இறைச்சி இல்லாமல்’ என்று மட்டும் சொன்னால் துண்டு இல்லாமல் கொடுப்பார்கள், சாறு இருக்கும். சாறும் கூடாது என்று வழிகாட்டியை ஜெர்மன் மொழியில் ஒரு அட்டையில் எழுதித் தரச்சொன்னோம். அத்தை அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடையிலும் நீட்டினார்.

இங்கிருந்து கொண்டுபோவதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருளும் இறைச்சியும் எடுத்துப் போக முடியாது. அதாவது நெய், பால்கோவா, மைசூர்பாகு எதுவும் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை கொண்டுபோனோம். நெய் சேர்க்காமல் செய்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டல் காலை உணவில் ரொட்டி, தயிர், பழம், சீஸ் தாராளமாக இருக்கும். வெறும் தயிரை எடுத்து, முந்தின இரவு இத்தாலியக் கடையில் வாங்கி வைத்த வெள்ளைச் சாதத்தில் பிசைந்து, அத்தை தயிர்சாதமே செய்துவிட்டார்.

குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். குடிக்கக்கூடாத குழாயில் ‘கைன் டிரிங்க்வாசர்’ என்று எழுதியிருக்கும், அந்த ஒரு வார்த்தையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

எந்த மாசம் போனா நல்லது?

மே முதல் செப்டம்பர் வரை. நமக்குப் பள்ளி விடுமுறை மே. அப்போது வெயில் இதமாக இருக்கும், எட்டரை மணி வரை வெளிச்சம். மே நடுவில் திடீரென்று சில நாள் குளிரும். அந்த நாட்களுக்கு அங்குள்ள விவசாயிகள் ‘பனிப் புனிதர்கள்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள், அது கழியாமல் நாற்று நட மாட்டார்கள். ஜூலையில் வாஹாவ் முழுக்க ஆப்ரிகாட் பழுத்துத் தொங்கும், வெயிலும் 30 டிகிரியைத் தாண்டும்.

மழை வந்தா? ஆத்துல வெள்ளம் வந்தா?

சாதாரண மழைக்கு நிறுத்த மாட்டார்கள். கோட்டு போட்டுக்கொண்டு போவோம், ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். தொடர்ந்து கொட்டினால் அன்றைக்கு ரயில். ஆறும் ரயில் பாதையும் பல இடங்களில் பக்கம் பக்கமாகப் போகின்றன, சைக்கிளையும் ஏற்றலாம்.

வெள்ளம் நிஜமான விஷயம். 2013 ஜூனில் பாஸாவ் பழைய நகரமே மூழ்கியது. 2024 செப்டம்பரில் ‘கீழ் ஆஸ்திரியா’ மாநிலத்தில் பெரும் வெள்ளம். நீர்மட்டம் உயர்ந்தால் கரைப்பாதையை மூடிவிடுவார்கள். அப்படி ஆனால் பணம் திரும்புமா, மாற்று ஏற்பாடு மட்டும்தானா என்பதை ஒப்பந்தத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

குழுவுல வெளிநாட்டுக்காரங்க வேகமா போவாங்க. நம்மளால அவங்களுக்குத் தொந்தரவு ஆகாதா?

இது என் மனதையும் அரித்த கேள்வி. குடும்பங்களுக்கென்று தனியாக நடத்தும் குழுவில் சேர்ந்தால் பாதிக் கவலை போய்விடும், எல்லோரிடமும் பிள்ளைகள் இருப்பார்கள். மீதிக் கவலையை நல்ல வழிகாட்டி போக்கிவிடுவார். எங்கள் வழிகாட்டி முதல் மாலையே சொல்லிவிட்டார்: குழுவின் வேகம் என்பது கடைசி ஆளின் வேகம். வேகமாகப் போக விரும்புகிறவர்கள் அடுத்த ஊர்த் தேவாலயம் வரை முன்னால் போய்க் காத்திருக்கலாம்.

குழுவுக்குச் சில ஒழுங்குகள் உண்டு, அவற்றைப் பிள்ளைகளுக்கு முன்பே பழக்குங்கள். ஒருவர் பின் ஒருவராக வர வேண்டும். முன்னால் போகும் சைக்கிளோடு இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி வேண்டும். நிற்பதாக இருந்தால் கையைத் தூக்கிவிட்டு, பாதையை விட்டு இறங்கி நிற்க வேண்டும். நடுப்பாதையில் சட்டென்று நின்று போட்டோ எடுப்பதுதான் மற்றவர்களுக்குத் தொந்தரவு. மெதுவாகப் போவது இல்லை.

பாதி வழியில புள்ள ‘முடியாது’ன்னு அழுதா என்ன பண்றது?

அழுவார்கள். மகள் நான்காம் நாள் அழுதாள். லின்ஸிலிருந்து கிளம்பிப் பதினெட்டு கி.மீ. ஆகியிருந்தது, பசி வேறு. சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் “இன்னும் கொஞ்ச தூரம்தான் கண்ணு” என்று தொடங்கினேன். பின்னால் வந்த வழிகாட்டி என்னை நிறுத்தினார். அவளுக்கு ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு, “வேன் இருபது நிமிடத்தில் வரும். அது வந்ததும் நீ முடிவு செய். ஏறினாலும் சரி, ஓட்டினாலும் சரி” என்றார். வேன் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். மவுட்ஹவுசனில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வேன் டிரைவரோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு எங்களுக்குக் கை காட்டினாள். மறுநாள் அவள்தான் முதலில் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

பிள்ளைக்கு நிஜமாகவே ஏறிக்கொள்ள உரிமை இருக்க வேண்டும். ஏறிய பிறகு “நீ மட்டும் ஓட்டவில்லை” என்று யாரும், அண்ணன் உட்பட, சொல்லக்கூடாது. இதை வீட்டிலேயே பேசிவிட்டுப் போங்கள்.

டீன் ஏஜ் பையன் இதுக்கெல்லாம் வருவானா?

தன் வயதில் இன்னொருவர் குழுவில் இருந்தால் வருவான். பதிவு செய்யும்போதே மற்ற பிள்ளைகளின் வயதைக் கேளுங்கள், கம்பெனி சொல்லும். மகனுக்குப் பஞ்சர் ஒட்டும் பையைப் பொறுப்பாகக் கொடுத்தார்கள். மூன்று பஞ்சர் ஒட்டினான்.

வழியில ஹிட்லர் காலத்து முகாம் இருக்காமே? பசங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?

மவுட்ஹவுசன். 1938 முதல் 1945 வரை நாஜிகள் நடத்திய வதைமுகாம். அங்கேயும் அதன் கிளை முகாம்களிலும் சுமார் 1,90,000 பேரை அடைத்தார்கள், குறைந்தது 90,000 பேர் இறந்தார்கள். கைதிகளைக் கல் சுமக்கவைத்த கருங்கல் குவாரியும் அதன் 186 படிகளும் இன்னும் இருக்கின்றன. சைக்கிள் பாதையிலிருந்து செங்குத்தாக ஏற வேண்டும், வேனில் கூட்டிப்போனார்கள்.

மகனும் அவன் அப்பாவும் போனார்கள். ஒன்பது வயது மகளை அழைத்துப் போக எனக்கு மனம் வரவில்லை. அத்தையும் நானும் அவளோடு ஆற்றங்கரையில் இருந்தோம். திரும்பி வந்தவன் ரயிலில் கிரைன் போய்ச் சேரும் வரை பேசவில்லை. இரவு படுக்கும்போதுதான் படிகளைப் பற்றிக் கேட்டான், ஒரு மணி நேரம் பேசினோம். நீங்கள் போவதாக இருந்தால் அன்றைய மாலையில் வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கீழ விழுந்து அடிபட்டா?

வழிகாட்டிகளிடம் முதலுதவிப் பெட்டி இருக்கும். அவசர எண் 112, ஆம்புலன்சுக்கு 144. விசாவுக்காக எடுக்கும் காப்பீட்டில் சைக்கிள் ஓட்டும்போது ஏற்படும் காயம் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். மலிவான சில திட்டங்கள் ‘சாகச விளையாட்டு’ என்று சொல்லி விலக்கிவிடும். லின்ஸிலும் வியன்னாவிலும் டிராம் தண்டவாளத்தை நேர்க்குறுக்காகத்தான் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் சக்கரம் இடுக்கில் மாட்டும். பயமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. வீட்ல மத்தவங்களுக்குத் தெரியும். நான் என்ன பண்ண?

இரவில் கப்பலிலேயே தங்கி, பகலில் சைக்கிள் ஓட்டும் பயண வகை ஒன்று இதே ஆற்றில் உண்டு. ஓட்டாதவர்கள் கப்பலிலேயே அடுத்த ஊருக்குப் போகலாம். தினமும் பெட்டி கட்ட வேண்டியதில்லை. உங்கள் குடும்பத்துக்கு அதுதான் பொருத்தம். ஆறு மாதம் கையில் இருந்தால் கற்றுக்கொள்ளவும் செய்யலாம். பெடலைக் கழற்றிவிட்டு, சீட்டை இறக்கி, காலால் தரையை உந்தி உந்திச் சமநிலை பழகுங்கள். பெரியவர்களுக்கு யாராவது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவருவதைவிட இது சுலபம். ஆனால் கற்று ஒரு மாதத்தில் குழுப் பயணத்துக்குக் கிளம்பாதீர்கள்.

இன்னொரு தடவை போனா எதை மாத்துவீங்க?

வாஹாவை ஒரே நாளில் கடக்க மாட்டேன், ஸ்பிட்ஸில் ஒரு இரவு தங்குவேன். வியன்னாவில் இறங்கிய மறுநாளே சைக்கிள் ஏறவும் மாட்டேன். நமக்கும் அவர்களுக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம், பிள்ளைகள் விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு நாள் முன்னால் போவோம். அத்தை ஜூலையில்தான் வருவேன் என்கிறார், மரத்தில் பழுத்த ஆப்ரிகாட்டை அவர் இன்னும் சாப்பிடவில்லை.